தடிக்குக் கிட்ட

உண்மையைச் சொல்லியும் ஒருத்தரும் நம்பாத நிலைமைக்குள்ள அகப்பட்டுப் பார்த்தாத்தான் தெரியும். என்ர கண்ணுக்குக் கீழ கண்டிப்போய் வீங்கினது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடிச்சது பந்து. ஜெர்மனியில இந்த வுப்பர்டால் ஊர்த் தமிழ் ஆக்களுக்கோ, அடிச்சது என்ர மனுசன்.

பந்தெண்டா ஹர்லிங் பந்து, அயர்லாந்துக்காரரின்ர விளையாட்டு. முனை அகண்ட மரத்தடியால அடிக்கிறது. பந்து தோல் போட்டுத் தைச்சது, ஆனா கல்லு மாதிரி. நான் வயசான ஆக்களைப் பராமரிக்கிற ஆல்டன்ஹைமில வேலை. அங்க என்னோட வேலை செய்யிற ஐரிஷ்காரி ஒருத்தி, டீமுக்கு ஆள் காணாது, சும்மா வந்து நில்லன் எண்டு கேட்டாள். போய் நிண்டன், பிடிச்சுப்போச்சு. வேலை, சமையல், பிள்ளையள், கோயில் எண்டு சுத்துற எனக்கு மூச்சுவிட இருந்தது மலைக்கு மேல அந்த ஃபுட்போல் கிறவுண்ட் மட்டும்தான்.

முதல் நாள் காட்டித்தந்தது ஒண்டே ஒண்டு. எதிர ஒருத்தன் தடியை ஓங்கினா பின்னுக்குப் போகக்கூடாது. தள்ளி நிண்டாத்தான் அடி முழு வேகத்தில விழும், ஒட்டி நிண்டா தடி வீச இடமில்லை. விசர்க்கதை எண்டுதான் நினைச்சன். செய்து பார்த்தா சரியாத்தான் இருந்தது.

என்ர மனுசன் சனிக்கிழமையில தமிழ்ப் பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு மிருதங்கம் பழக்கிறவர். கிழமை முழுக்க ஃபக்டரியில செத்த சீவன் அந்த வகுப்பிலதான் உயிர்க்கும். நீ போய் விளையாடு, ஆனா எங்கட ஆக்களிட்ட வாய் திறக்காதை எண்டார். ரெண்டு பிள்ளையின்ர தாய் ஆம்பிளையளோட தடி தூக்கிக்கொண்டு ஓடுறா எண்டு கதை கட்டுவினம் எண்டு பயம். நானும் ஓம் எண்டிட்டன்.

பயிற்சி முடிஞ்சு, ஹெல்மெட்டைக் கழட்டிப்போட்டு, கோல் கம்பத்தடியில நிண்டு தலைமயிர் கட்டின நேரம் பார்த்துத்தான் பந்து வந்து விழுந்தது. அடிச்ச பெடியன் என்னைவிடக் கூட அழுதான். எல்லாரும் ஓடிவந்தினம். ஒருத்தி ஐஸ் பிடிச்சாள், ஒருத்தன் காரில ஏத்திக் கொண்டுபோய் டொக்டரிட்டக் காட்டினான். அடுத்த கிழமை முழுக்க ஆள் மாறி ஆள் சூப்பும் கேக்கும் கொண்டுவந்தினம். அங்க ஒருத்தர் விழுந்தா அப்பிடித்தான், கூப்பிடத் தேவையில்லை.

எங்கட கட்டடத்தில இருக்கிற தமிழ்ச்சனத்துக்கு அது வேற மாதிரித் தெரிஞ்சிருக்கு. கண் வீங்கின பொம்பிளை, வீட்டை வந்துபோற வெள்ளைக்காரர். யூகண்ட்ஆம்ட் எண்ட சிறுவர் நலக் கந்தோர் ஆக்கள் பிள்ளையளைத் தூக்க வந்திட்டினம் எண்டு முடிவு கட்டிச்சுதுகள். கோயிலில என்ன காயம் எண்டு கேட்டதுக்கு, வாயைப் பொத்திக்கொண்டு போகாமல், அலுமாரிக் கதவில இடிச்சுப்போட்டன் எண்டு சொன்னன் பாருங்கோ. புருசனிட்ட அடி வாங்கினவள் எல்லாரும் சொல்லுற பொய் அது. எனக்கு அது அப்ப மண்டையில ஓடேல்லை.

மிருதங்க வகுப்பில பிள்ளையள் குறையத் தொடங்கிச்சு. ஒண்டுக்குத் தடிமன் காய்ச்சல், இன்னொண்டுக்குச் சோதினை எண்டு சாட்டு. மனுசன் வெறும் கதிரையளுக்கு முன்னால மிருதங்கத்தை வைச்சுக்கொண்டு இருந்தார்.

பேந்து தமிழ்ப் பள்ளிக்கூட அதிபர் அண்ணையும் அவற்ற மனுசி அக்காவும் வீட்டை வந்தினம். அண்ணை ஊருக்கே நியாயம் சொல்லுற ஆள். ஹோலில என்ர மனுசனை இருத்திவைச்சு, பொம்பிளையில கை வைக்கிறது ஆம்பிளைத்தனமோ எண்டு புத்தி சொன்னார். எனக்குப் பொறுக்க ஏலாமல் போச்சு. எல்லாத்தையும் சொல்லி, அறைக்குள்ள ஓடிப்போய் ஹர்லிங் தடியைக் கொண்டுவந்து காட்டினன். அண்ணை தடியைப் பார்த்தார். பேந்து என்ர மனுசனைப் பார்த்தார். தடியாலயோ அடிக்கிறனீர் எண்டு கேட்டார்.

நான் தேத்தண்ணி போடுற சாட்டில குசினிக்குள்ள போய் அழுதன். பின்னால அக்கா வந்தா. நல்ல வெக்கை நாள், அப்பவும் சீலைக்கு மேல முழுக்கைச் சுவெட்டர். அவவை நான் அது இல்லாமல் கண்டதே இல்லை. குரலைத் தாழ்த்தி, "கதவில இடிச்சது எண்டுதான் நானும் சொல்லுறனான்" எண்டா.

ஹோலில அண்ணையின்ர குரல் இன்னும் புத்தி சொல்லிக்கொண்டிருக்குது. ஆரிட்டப் போய் என்னத்தைச் சொல்ல? சொன்னா அவவுக்குத்தான் அடி விழும். அவவின்ர கையைப் பிடிச்சு, அக்கா, என்ர மனுசன் சத்தியமாய் அடிக்கேல்லை, ஞாயிற்றுக்கிழமை கிறவுண்டுக்கு வந்து பாருங்கோ எண்டன்.

வருவா எண்டு நான் நினைக்கேல்லை. வந்தா. வேலிக்கரையில கைப்பையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு நிண்டா. ஒரு நெடுவல் ஜெர்மன்காரன் தடியை ஓங்க, நான் அவன்ர நெஞ்சுக்குள்ள போய் இடிச்சு விழுந்ததைப் பார்த்தா. அவனே குனிஞ்சு கை தந்து என்னைத் தூக்கினதையும் பார்த்தா. ஏன் பிள்ளை தடிக்குக் கிட்டப் போறாய் எண்டு கேட்டா. தள்ளி நிண்டாத்தான் நல்லாப் படும் அக்கா எண்டன். அவ பஸ்ஸுக்குப் போயிட்டா.

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மிருதங்கத்துக்கு வேற ஆளைப் போடவேணும் எண்டு அண்ணை சொன்னார், குடும்பத்தைச் சரியா வைச்சிருக்கத் தெரியாதவரிட்டப் பிள்ளையளை விட ஏலாதாம். என்ர மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழும்பினா, பாவம், புருசனைக் காப்பாத்துறாள் எண்டுதான் சொல்லுவினம்.

பின் வரிசையில அக்கா எழும்பினா. எழும்பி, சுவெட்டர்க் கையை முழங்கைக்கு மேல இழுத்துவிட்டா. மஞ்சளும் பச்சையும் கறுப்புமாய்க் கண்டல்.

"அந்தத் தம்பி அடிக்கேல்லை" எண்டா. "அடி எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

ஒருத்தரும் அண்ணையைப் பார்க்கேல்லை, எல்லாரும் சப்பாத்தைத்தான் பார்த்தினம். ஆரோ ஒருவர் இருமிப்போட்டு, மிருதங்கம் இருந்தபடி இருக்கட்டும் எண்டார். கூட்டம் முடிஞ்சுது. என்ர மனுசன்ர பேர் திரும்பக் கிடைச்சிட்டுது. சனம் அக்காவை விலத்தி விலத்தித் தங்கட தங்கட காருக்குப் போச்சுது.

அக்காவும் காருக்குத்தான் போனா. வேற எங்க போறது? அண்ணை கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார், முகத்தில ஒரு அசைவும் இல்லை. அவ தலையைக் குனிஞ்சு பின் சீற்றில ஏறினா.

மனுசனிட்டப் பிள்ளையளைப் பாருங்கோ எண்டு சொல்லிப்போட்டு ஓடினன். மற்றப் பக்கக் கதவைத் திறந்து, அக்காவோட தோள் முட்ட நெருங்கி இருந்தன்.

"நானும் வாறன் அண்ணை" எண்டன். "காரை எடுங்கோ."