மரிய ஜோசப்பின் ரப்பர் தவளை

என் அண்ணன் மரிய ஜோசப்பைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல ஊரில் ஆள் கிடையாது. நானும் சொல்லப் போவதில்லை. கம்பத்தில் அவர் வைத்திருக்கும் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வரும் விவசாயியிடம், "தண்ணி இல்லாத கெணத்துல ஓடவிட்டுக் கருக்கிட்டு வந்துட்டியா? மோட்டார விடு, மொதல்ல ஒன்னயக் கழட்டிப் பாக்கணும்" என்பார். வேலை சுத்தமாக இருக்கும் என்பதால் வசவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். கோயில் ஒலிபெருக்கிக்காகப் பங்குச்சாமியாரோடு சண்டை. வேப்பமர நிழலுக்காகப் பக்கத்துக் கடைக்காரரோடு சண்டை. என்னோடு சண்டை போட அவருக்குக் காரணமே தேவைப்பட்டதில்லை. நான் மதலேனாள், அவருடைய ஒரே தங்கை. அவர் வீட்டை ஒட்டிய அறையில் தையல் மிஷின் போட்டுப் பிழைக்கிறேன். எனக்கும் வாய் நீளம்தான்.

அவர் முகம் கொஞ்சம் மனித முகமாக மாறுவது மீன்பிடிப் பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான். உயிர்த் தவளையை முள்ளில் குத்தி விரால் பிடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் அதைத் தொடமாட்டார். கோட்டயம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு மோட்டார் பார்க்கப் போனபோது, மலையாளத்துக்காரர்கள் ரப்பர் தவளையை எறிந்து விரால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். வீட்டில் ஒரு நல்ல டம்ளர் கிடையாது, பெட்டி நிறையப் பொய் இரைகள். பளபளக்கும் தகட்டுக் கரண்டி, வாய் குழிந்த கட்டை மீன், வாலை ஆட்டும் ரப்பர் புழு, எல்லா நிறத்திலும் தவளை.

எதை எங்கே எறிவது என்பதற்கு அவரிடம் சட்டம் உண்டு. ஓடுகிற தண்ணீருக்குத் தகட்டுக் கரண்டி. பாசி இல்லாத தண்ணீரில் விடியற்காலையில் கட்டை மீன். தாமரையும் பாசியும் மூடிக் கிடந்தால் தவளைதான், ஏனென்றால் அதன் இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டிக் கிடக்கும், இலையில் மாட்டாது. மீன் வாயால் அழுத்தினால்தான் முள் வெளியே வரும். தெளிந்த தண்ணீருக்கு மங்கின நிறம், கலங்கின தண்ணீருக்குக் கறுப்பு. கடையில் வாங்கிய தவளையையும் அப்படியே எறிந்துவிடமாட்டார். காலாகத் தொங்கும் ரப்பர் இழைகளை ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கத்தரித்துவிடுவார். அப்போதுதான் அது தலையை இடமும் வலமும் திருப்பிக்கொண்டு வருமாம். கத்தரிப்பது என்னுடைய தையல் கத்தரிக்கோலால். ரப்பரை வெட்டி முனை மழுங்கிப்போய், அதற்கப்புறம் துணியில் வைத்தால் கடித்துக்கொண்டு நிற்கும். அதற்காக நாங்கள் போட்ட சண்டைகள் தெருவுக்கே மனப்பாடம்.

"மீனு என்ன நெனப்புல இருக்குன்னு தெரிஞ்சு எறியணும். பசியில இருக்கா, மயக்கத்துல இருக்கா, கோவத்துல இருக்கா? அதுக்குத் தக்கன எரை" என்பார். எதிரே நிற்கும் மனிதன் என்ன நினைப்பில் இருக்கிறான் என்று ஆயுசில் ஒரு நாளும் யோசித்தவரில்லை, இப்படிப் பேசுவார்.

அவருக்கு ஒரே மகள், அனிதா மேரி. அண்ணி இறந்தபோது அவள் பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போக ஆரம்பிக்கவில்லை. அதிலிருந்து அண்ணன் காவல் காத்தார். வேன் டிரைவர் முதல் பாட்டு வகுப்பு சிஸ்டர் வரை, அவளிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிய யாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் தப்பியதில்லை. அவ்வளவு காத்து என்ன கண்டார்? நர்சிங் முடித்த கையோடு அவள் மேலத்தெரு விஜய்ராஜைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள்.

விஜய்ராஜின் அப்பா பால்பாண்டி வாழைத்தோட்டக்காரர். எங்கள் ஊர்க் கண்மாயின் மீன் குத்தகையும் அவர் கையில்தான். கல்யாணச் செய்தி வந்த அன்று அண்ணன் அவர் வீட்டு வாசலில் போய் நின்று பேசிய பேச்சை அச்சில் ஏற்ற முடியாது. பால்பாண்டியும் சும்மா விடுகிற ஆள் இல்லை. மறுநாள் கண்மாய்க் கரையில் வைத்து ஊர் கேட்கச் சொன்னார்: "அந்த ஆளு ரப்பரத் தூக்கிக்கிட்டு எங் கண்மாய்ல கால வைக்கட்டும், கம்ப ஒடிச்சு அடுப்புல சொருகிருவேன்." அதோடு அண்ணன் மகளுக்குக் கதவை அடைத்தார், பால்பாண்டி அண்ணனுக்குக் கண்மாயை அடைத்தார். அண்ணன் ஊருக்கு வெளியே ஓடைப் பள்ளங்களில் எறிந்து திரிந்தார்.

இந்த ஐப்பசியில் அனிதா மேரிக்கு ஆண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன். தலைப்பிரசவம் தாய்வீட்டில் பார்க்க வேண்டியது, அது போயிற்று. இன்னொன்று மிச்சம் இருந்தது. அறுத்த வயிறு ஆறுவதற்கு எங்கள் தெருக்களில் விரால் குழம்பு வைத்துக் கொடுப்பார்கள். அந்த விரால் தாய்வீட்டிலிருந்துதான் போக வேண்டும். சீர் செனத்தி எதுவும் போகாவிட்டாலும் அது போய்விடும். அதுவும் போகாத பெண்ணை, ஆளில்லாதவள் என்று பேசுவார்கள்.

நான் பார்க்கப் போயிருந்தேன். பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். என் கையில் பையைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். பையில் இருந்தது நான் தைத்த சட்டைகள்.

"அப்பா மீனு புடிச்சுத் தருவாகளா அத்த?" என்றாள். "வேற ஒன்னும் கேக்கல. அது வந்தாப் போதும். அவுக என்னய விட்டுறலன்னு நெனச்சுக்குவேன்."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முற்றத்தில் பால்பாண்டி வாழைநார் கிழித்துக்கொண்டிருந்தார். "நாங்க வலை போடாமலா இருந்தோம்?" என்றார் என்னைப் பார்க்காமல். "தண்ணி நெறஞ்சு கெடக்கு. விரால் வலைக்குச் சிக்காம சேத்துக்குள்ள போயிருது. சந்தையில ஜிலேபிக் கெண்டையும் கட்லாவும்தான் வருது. ஒங்க அண்ணன் வந்து ஒரு வார்த்த கேட்டா எறங்க விடுறேன். நானாப் போயிக் கூப்புட மாட்டேன்." இவர் போய்க் கூப்பிட மாட்டார், அவர் வந்து கேட்க மாட்டார். நடுவில் பிள்ளை பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

நேரே ஓடைக்குப் போனேன். அண்ணன் பள்ளத்தின் ஓரத்தில் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு எறியாமல் நின்றிருந்தார். தண்ணீரின் மேல்மட்டத்தில் மிளகாய் வற்றலைக் கொதிக்கவிட்டதுபோலச் சிவப்பாக ஒரு கூட்டம் பொங்கிப் பொங்கி நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அதற்கு அடியில் கறுப்பாக ஒரு முதுகு புரண்டது.

"எறிய வேண்டியதுதான?"

"புள்ளையோட நிக்கிது" என்றார். "இப்ப எதப் போட்டாலும் கடிக்கும். பீடித்துண்டப் போட்டாலும் கடிக்கும். பசி கெடையாது. புள்ளகிட்ட எதோ வந்திருச்சேங்கிற வெறி. அடியில காவல் நிக்கிற தகப்பனத் தூக்கிட்டா இத்தன குஞ்சும் ஜிலேபி வாய்க்குள்ள போயிரும். அப்படி நிக்கிற மீனுக்கு எறியிறவன் மனுசனே இல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீனுக்கு இம்புட்டு நியாயம் பேசுறியே, ஒம் மக அங்கன வயித்தக் கிழிச்சுக்கிட்டுக் கெடக்கா. ஒரு விரால் புடிச்சுக் குடுக்கக் கூடாதா?"

"அந்தப் பேச்ச எடுக்காத. கண்மாய்க்காரன் வீட்டுக்கு வாக்கப்பட்டவளுக்கு மீனுக்கா பஞ்சம்?"

"ஒன்னால புடிக்க முடியாதுன்னுதான் பால்பாண்டி சிரிக்கிறாக." இதைச் சொன்னால் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன்.

"சிரிக்கட்டும். வலைக்காரனுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு நூலைச் சுற்ற ஆரம்பித்தார். அவருடைய தொழிலைச் சொன்னால் அவர் அசையவில்லை. அப்படியென்றால் இந்த ஆள் எதற்குத்தான் கடிப்பார்?

வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தேன். நூல் அறுந்துகொண்டே இருந்தது. மூன்றாம் தடவை ஊசியில் நூலைக் கோக்கும்போது விடை கிடைத்துவிட்டது. அதை அவரே எனக்குச் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் அவருக்குச் சோறு போட்டேன். குழம்பை ஊற்றிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல், போகிற போக்கில் சொன்னேன். "டீக்கடையில பால்பாண்டி பேசுனாகளாம். அது தாயில்லாத புள்ள, தகப்பனும் செத்த கணக்குத்தான், அநாதைக்கு யாரு விரால் கொண்டாரப் போறா, ரெண்டு ஜிலேபிய வாங்கிப் போட்டாத் தின்னுட்டுக் கெடக்கும்னு சொன்னாகளாம்."

சுத்தப் பொய். பால்பாண்டி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிவிட்டு ரசம் எடுக்கத் திரும்பினேன்.

யார் எதைச் சொன்னாலும் ஒன்றுக்கு ஒன்பது பேசுகிற ஆள், சோற்றிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். பக்கத்து அறையில் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து வந்து என் மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மட்டும் நான் சண்டைக்குப் போகவில்லை.

விடிகிற நேரத்தில் அவர் கண்மாய்க்கரை ஏறினார். கம்பை ஒளிக்கவில்லை, தோளில் சாத்திக்கொண்டு எல்லோரும் பார்க்கப் போனார். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னாலேயே போனேன். மழைத் தண்ணீர் விழுந்து கண்மாய் செம்மண் நிறத்தில் கலங்கிக் கிடந்தது. கறுப்புத் தவளையைத்தான் கட்டியிருந்தார். அத்தனை கோபத்திலும் உடனே எறியவில்லை. கரையோரமாக நடந்து தண்ணீரை உற்று உற்றுப் பார்த்தார். மடைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கூட்டம் பொங்கியது. அந்த இடத்தைத் தாண்டிப் போய், தாமரை இலைகள் முடிகிற ஓரத்தில் நின்று எறிந்தார்.

தவளை இலைமேல் விழுந்து சும்மா கிடந்தது. மெல்லச் சுண்டினார். இலையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கி, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு இரண்டு தத்துத் தத்தி நின்றது. எத்தனை தடவை எறிந்தார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் இலைகளுக்கு நடுவே தண்ணீர் படாரென்று வெடித்து, தவளை காணாமல் போனது. நானாக இருந்தால் அந்தக் கணமே இழுத்திருப்பேன். அவர் மூச்சை அடக்கி நின்றார். நூல் ஓட ஆரம்பித்த பிறகுதான் கம்பை மேலே வெட்டி இழுத்தார். அதற்கப்புறம் பாசியும் சேறுமாக ஒரே இழுபறி. கரைக்கு வந்த விரால் என் கைக்கு ஒரு முழம் இருந்தது.

செவுளில் கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டுக்கொண்டு நேரே மேலத்தெருவுக்குப் போனார். குழாயடியில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பால்பாண்டி வீட்டுக் கேட்டை உதைத்துத் திறந்து, துடித்துக்கொண்டிருந்த மீனை முற்றத்தில் வீசினார்.

"யோவ் பால்பாண்டி. வெளிய வாய்யா. எம் மக அநாதையா? யாரப் பாத்துய்யா செத்தவன்னு சொன்ன?"

பால்பாண்டி வாயில் பற்பொடியோடு வந்தார். மீனைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், துப்பிவிட்டு வந்தார். "யாருய்யா சொன்னது?"

"நீதான்யா சொன்ன. டீக்கடையில."

"நான் டீக்கடைப் பக்கம் போயி எத்தன மாசமாச்சுன்னு ஊருக்கே தெரியும்யா. சர்க்கரை ஏறிப்போயி வீட்லயே கசாயம் குடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். எம் பேரனப் பெத்தவள நான் அநாதைம்பேனா? என் நாக்கு அழுகிப் போகாதா?"

இருவரும் ஒரே நேரத்தில் கேட் பக்கம் திரும்பினார்கள். கேட்டருகே நின்றது நான்.

அதற்குள் அனிதா மேரி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஒரு கையில் பிள்ளை. மீனைப் பார்த்துவிட்டு, "அப்பா" என்றாள்.

"எதுக்குடி எந்திரிச்சு வந்த? தையல் பிரிஞ்சா யாரு பாக்குறது? நர்சு படிச்ச லட்சணமா இது?" என்று கத்தினார் அண்ணன். கத்திக்கொண்டே போய் அவள் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். பிள்ளை அலறியது. அதையும் திட்டினார்.

பிறகு அந்த முற்றத்திலேயே உட்கார்ந்து, சாம்பல் கேட்டு வாங்கி, மீனை உரசினார். அருவாள்மனை மொட்டை என்று பால்பாண்டியைத் திட்டினார். தலையை இப்படியா வெட்டுவது என்று பால்பாண்டி அவரைத் திட்டினார். என்னை யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நேரே என் மிஷினுக்கு எதிரில் வந்து நின்றார். கையில் கத்தரிக்கோல். தெருவே கேட்கப் போகிறது என்று நான் தயாராகத்தான் இருந்தேன். அவர் சத்தமே போடவில்லை.

"புள்ளையோட நிக்கிற மீனுக்கு எறிஞ்சிட்டியேடி, மதலே" என்றார்.

கத்தரிக்கோலை மிஷின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை. தன் பெயரில் பொய் சொன்னவள் என்று பால்பாண்டியும் பேசுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் கண்மாய்க் கரையில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே நிற்கிறார்கள். விரால் வாரம் தவறாமல் அனிதா மேரிக்குப் போகிறது. எனக்கு ஒரு துண்டு வந்ததில்லை. போகட்டும். இன்னொரு தடவை வேண்டியிருந்தாலும் நான் அதே இடம் பார்த்துத்தான் எறிவேன்.