கோரம் பிடிக்கிற சுருளியாண்டி

பெற்றவர்கள் வைத்த பெயர் சுருளியாண்டி. ஆனால் பெரியகுளத்துக்கும் வடுகபட்டிக்கும் நடுவே மாந்தோப்புக்குள் இருந்த வராகக்கரைக் கல்லூரியில் அந்தப் பெயர் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. பிரின்ஸ்பால் முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் அவர் ‘கோரம்’. பெயரை மட்டும் கேட்டவர்கள் ஆள் பயங்கரமாக இருப்பார் என்று எதிர்பார்ப்பார்கள். நேரில் பார்த்தால், எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய முடியும் நெற்றி நிறைய திருநீறுமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். கோயிலில் சுண்டல் கொடுப்பவர் மாதிரியான முகம்.

கோரம் என்பது கொடூரமான சமாச்சாரம் இல்லை. கல்லூரியை நடத்துகிற ஆட்சிக்குழுவில் ஒன்பது பேர். ஐந்து பேராவது வந்து உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த ஐந்துக்குத்தான் இங்கிலீஷ்காரன் கோரம் என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். வைத்தவன் கம்பம் பள்ளத்தாக்கைப் பார்த்திருக்க மாட்டான். எங்கள் ஒன்பது பேரும் ஒன்பது மூலையில் இருந்தார்கள். தலைவர் முத்துக்கருப்பன் கம்பத்தில் நெல்வயலும் தண்ணீர் முறையுமாக இருப்பவர். வக்கீல் சீனிச்சாமிக்கு உத்தமபாளையம். பலவேசத்துக்கும் பொன்னுராஜுக்கும் தேனி பஜாரில் எதிரெதிர் கடை. மற்றவர்கள் போடியிலும் கூடலூரிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். இந்தப் பெரிய மனிதர்களுக்குக் கல்லூரி மேல் பிரியம் உண்டு. கூட்டத்துக்கு வருவதில்தான் சுணக்கம்.

அவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அட்டெண்டர் சுருளியாண்டியின் வேலை. நாலாவது வரை படித்து, ஏலமலையில் சில வருஷம் வேலை பார்த்து, மலைக்காய்ச்சலில் இறங்கி வந்தவர், 1932இல் தற்காலிகமாகச் சேர்ந்தார். சேர்ந்த மூன்றாம் மாதமே யாரை எப்படிக் கிளப்புவது என்று கற்றுக்கொண்டுவிட்டார். பலவேசத்திடம் போய், “பொன்னுராஜ் முதலாளி அப்பவே வந்து உக்காந்துட்டாக” என்றால் போதும், பாதி வியாபாரத்தில் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். பொன்னுராஜிடமும் இதையே திருப்பிச் சொன்னால் தீர்ந்தது. வக்கீலிடம், “விதியில ஏதோ சிக்கலாம்யா, பிரின்ஸ்பாலுக்கே வெளங்கலயாம்” என்று இழுக்க வேண்டும். முத்துக்கருப்பனுக்கு அன்றைக்கு வயலில் தண்ணீர் முறை இல்லை என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்க வேண்டும். கல்லூரி சைக்கிளில் ஏறினார் என்றால் ஐந்து பேர் இல்லாமல் திரும்பியது கிடையாது.

வந்தவர்களை உட்கார வைப்பதும் அவர் பொறுப்புதான். ஒரு தடவை, தண்ணீர் இறைக்கிற ஜக்கம்மாவுக்கு வயதாகிவிட்டது, நிறுத்திவிடலாம் என்று ஒரு பேச்சு வந்தது. நிறுத்த வேண்டாம் என்று தீர்மானம் வர இருந்த நேரத்தில், ஐந்தாவது ஆளான பலவேசம் எழுந்துவிட்டார். வாசலில் அவருடைய செருப்பைக் காணோம். தேடி அலுத்து உள்ளே வந்து உட்கார்ந்தார். ஜக்கம்மா பிழைத்தாள். பிறகு செருப்பு புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்தது. எலி இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று சுருளியாண்டி முகம் மாறாமல் சொன்னார்.

இவ்வளவு சாமர்த்தியக்காரருக்குத் தன் காரியம் மட்டும் ஒன்பது வருஷமாக ஆகவில்லை.

அது தங்கிப் படிக்கிற கல்லூரி. மாணவர்கள் மட்டுமல்ல, வாத்தியார்களும் வேலைக்காரர்களும் எல்லைக்குள்ளேதான் தங்க வேண்டும் என்பது விதி. நிரந்தரமானவருக்கு வீடு உண்டு. தற்காலிகத்துக்கு ஆபீஸ் வராந்தாவும் ஒரு பாயும். வெளியே வீடு பிடித்துக் குடித்தனம் வைக்கவும் கூடாது. ஆகையால் சுருளியாண்டியின் மனைவி மாயக்காள் சுருளிப்பட்டியில் இருந்தாள், அவர் இங்கே வராந்தாவில் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி, கம்பத்தில் இறங்கி, நடந்து வீடு போய்ச் சேர்வார். திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவார். கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து இப்படித்தான். மகள் மொக்கம்மாள் பிறந்து அவளுக்கு ஆறு வயதும் ஆகிவிட்டது. பிள்ளைக்கு முதல் பல் விழுந்ததைக்கூட அவர் நாலு நாள் கழித்துத்தான் கேள்விப்பட்டார்.

அவரை நிரந்தரமாக்கலாம் என்று பிரின்ஸ்பால் எழுதிக் கொடுத்து எவ்வளவோ காலமாயிற்று. கூட்டத்துக்குக் கூட்டம் அது பதினாலாவது விஷயமாக, கடைசியில் வரும். பத்தாவது விஷயத்தில் கூடலூர்க்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார். பதின்மூன்றாவதில் கம்பம் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். சம்பந்தப்பட்ட ஆள் அறையில் இருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்ததால், தன் பெயர் வருமுன்பே சுருளியாண்டி மாமரத்தடிக்குப் போய்விடுவார். அங்கே நின்று பார்த்தால் ஒருவர், இருவர் என்று வண்டி ஏறுவது தெரியும். உள்ளேயிருந்து பிரின்ஸ்பால் வந்து, “கோரம் இல்லை சுருளி, அடுத்த தடவை பார்ப்போம்” என்பார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

முதல் தடவை இதைக் கேட்ட மாயக்காள், “கோரம் இல்லாம இருந்தா நல்லதுதானே, அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக?” என்றாள். விளக்கிச் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்தது.

“ஜக்கம்மாளுக்குச் செருப்ப ஒளிச்சு வைக்கத் தெரியுதுல்ல. உங்களுக்குன்னா கை வராதோ?”

“பந்தியில பரிமாறுறவன் தன் எலையிலயே அள்ளி வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

“ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி. இருங்க இப்படியே” என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பில் காரம் கொஞ்சம் கூடுதல்.

1941 ஆடி அமாவாசைக்கு, அப்பாவுக்குத் திதி கொடுக்க சுருளியாண்டி நாலு நாள் லீவு போட்டு ஊருக்குப் போனார். அவர் பஸ் ஏறிய மறுநாள் யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் வந்தது. பி.ஏ. வகுப்பு வேண்டுமானால் ஜூலை முடிவதற்குள் ஆட்சிக்குழுத் தீர்மானம் வந்து சேர வேண்டும். பிரின்ஸ்பால் வேறொரு பியூனை அனுப்பினார். அவன் ஒன்பது வீட்டுக்கும் போய் ஒற்றை ஆளாகத் திரும்பி வந்தான். முக்கால்வாசிப் பேர் அமாவாசைத் தீர்த்தத்துக்குச் சுருளி அருவிக்குக் கிளம்பிவிட்டார்கள் என்று தகவல். அப்போதுதான் பிரின்ஸ்பாலுக்குப் புத்தி தெளிந்தது. பொன்னுராஜையும் தீர்மானப் புத்தகத்தையும் பொன்னுராஜின் காரிலேயே போட்டுக்கொண்டு சுருளிப்பட்டிக்கே வந்து இறங்கினார்.

சுருளியாண்டி அருவியில் குளித்துத் திதியும் கொடுத்து முடித்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் வீடு அருவிக்குப் போகிற பாதையில் இருந்தது. தெருவில் திருவிழாக் கூட்டம்.

“சுருளி, கோரம் வேணும்” என்றார் பிரின்ஸ்பால். குரல் கெஞ்சியது.

“பொன்னுராஜ் முதலாளி போக இன்னும் நாலு பேரு போதும்ல? இங்கன உக்காருங்கய்யா. எல்லாரும் இந்தப் பாதையிலதேன் திரும்பணும்.”

அரை மணி நேரம் ஆகவில்லை. பலவேசம் பொன்னுராஜின் காரைப் பார்த்துவிட்டுத் தானாகவே நின்றார். பொன்னுராஜ் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர். அவர் அமாவாசை நாளில் சுருளிப்பட்டிக்கு ஏன் வந்தார் என்று தெரியாமல் பலவேசத்தால் நகர முடியவில்லை. முத்துக்கருப்பன் கூண்டு வண்டியில் வந்தார், மாட்டைப் பிடித்து நிறுத்தியாயிற்று. அவரோடு கூடலூர்க்காரரும் இருந்தார். வக்கீல் சீனிச்சாமி தலை துவட்டியபடி வந்தார். ஐந்து பேர்.

மாயக்காள் முற்றத்தில் ஜமுக்காளத்தை விரித்தாள். விரதத்தோடு வந்தவர்கள் ஆயிற்றே, அவர்களுக்கும் சேர்த்து உலை வைத்து, வாழைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். பொன்னுராஜின் சட்டை ஒன்றைத் தவிர, ஈர வேட்டியும் வெற்று மார்புமாக ஆட்சிக்குழு உட்கார்ந்தது. பிரின்ஸ்பால் மட்டும் கோட்டுப் போட்டிருந்ததால் அவருக்கு வேர்த்து ஊற்றியது.

புத்தகத்தைத் திறந்ததும் வக்கீல் கையை உயர்த்தினார்.

“பொறுங்க. இங்கன கூட்டம் போட்டாச் செல்லாது. விதி பதினொண்ணு. கூட்டம் கல்லூரி எல்லைக்குள்ள நடக்கணும், இல்லேன்னா நிரந்தர ஊழியர் ஒருத்தர் வீட்டுல நடக்கணும். ஆரம்பத்துல கட்டடம் இல்லாம பிரின்ஸ்பால் வீட்டுல கூடுனோம்ல, அதுக்காக நாந்தேன் எழுதுனேன்.”

“சுருளி நம்ம ஊழியன்தானே?” என்றார் பலவேசம்.

“ஊழியன்தேன். நிரந்தரம் இல்ல.”

ஒன்பது வருஷமாக யாரும் கண்டுகொள்ளாத அந்தச் சொல் இப்போது முற்றத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருந்தது. பிரின்ஸ்பால் மெதுவாக, “அது பதினாலாவது விஷயமாக நம்ம கையிலேயே இருக்கு. அதை முதலில் எடுத்துக்கலாமே” என்றார்.

தன் பெயர் அடிபட்டதும் சுருளியாண்டி வழக்கம்போல் எழுந்துகொண்டார். இது தன் வீடு என்பதோ, வெளியே போக வேண்டியது விருந்தாளிகள்தான் என்பதோ அவருக்குத் தோன்றவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் போய் நின்றார். யார் முதலில் எழுந்து வருவார்கள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்த்த வீட்டுக்காரர், “என்ன மச்சான், வீட்டுல வெரட்டிட்டாகளா?” என்று கேட்டபோதும் கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் இப்படி ஆசைப்பட்டது கிடையாது. இன்றைக்கும் தவறினால் இனி மாயக்காளின் முகத்தில் எப்படி முழிப்பது என்றிருந்தது.

உள்ளே வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “முதல்ல எடுத்தாலும் இடிக்குது. இவன நிரந்தரமாக்குற தீர்மானம் செல்லணும்னா, அதுக்கு முன்னாடியே இது நிரந்தர ஊழியர் வீடா இருந்திருக்கணும். கோழிக்கு முன்னாடி முட்டை, முட்டைக்கு முன்னாடி கோழி.”

அடுப்படியிலிருந்து வடை வேகிற வாசனை வந்தது. விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத முத்துக்கருப்பன், “ஏலே சீனிச்சாமி, விதி எழுதத் தெரிஞ்சவனுக்கு அதத் தாண்டத் தெரியாதா? சட்டுப்புட்டுன்னு ஒரு வழி சொல்லு” என்றார்.

வழி அடுப்படியிலிருந்து வந்தது. மாயக்காள் கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள்.

“தப்பா நெனைக்காதீகய்யா. அவுக வேலைக்குச் சேந்து ஒம்பது வருசமாச்சுல்ல? இன்னைக்கிருந்துன்னு எழுதுனாத்தானே இடிக்கும். சேந்த அன்னைக்கிருந்தே நிரந்தரம்னு எழுதிட்டா?”

வக்கீல் அவளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அதத்தான் நானும் சொல்ல வந்தேன்” என்றார்.

பலவேசம் முன்மொழிந்தார். அவர் முன்மொழிந்துவிட்டாரே என்று பொன்னுராஜ் அவசரமாக வழிமொழிந்தார். ஐந்து கைகளும் உயர்ந்தன. பிரின்ஸ்பால் எழுதி முடித்து, பேனாவை மூடிவிட்டு, கோட்டைக் கழற்றினார்.

மாயக்காள் தெருவுக்கு வந்தாள்.

“உள்ள வாங்க. முடிஞ்சுபோச்சு.”

“எத்தன பேரு இருந்தாக?” சுருளியாண்டி வாசலை எட்டிப் பார்த்தார்.

“அஞ்சு பேரும்தேன். எங்கிட்டுப் போவாக? வட சட்டியில கெடக்கு. காக்காய்க்கு வைக்காம யாருக்கும் எல கெடையாதுன்னு சொல்லிட்டேன்.”

அவர் நடுத்தெருவில் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எதிர்த்த வீட்டுக்காரருக்கு விளங்கவில்லை. மாயக்காளுக்கு விளங்கியது. அவளும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள், கரண்டியிலிருந்து எண்ணெய் சொட்டுவதைக் கவனிக்காமல். பி.ஏ. வகுப்பு உட்பட மிச்சம் பதின்மூன்று விஷயங்களும் பாயசம் ஆறுவதற்குள் நிறைவேறிவிட்டன. அந்தக் குழுவின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமான கூட்டம் அதற்கு முன்பும் நடக்கவில்லை, பின்பும் நடக்கவில்லை.

ஆவணி பிறந்ததும் கல்லூரி எல்லைக்குள், கிணற்றுக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, ஓட்டுக் கூரை, பின்னால் ஒரு முருங்கை. மாட்டு வண்டியில் பானை சட்டிகளும் ஆட்டுக்கல்லும் வந்து இறங்கின. ஜக்கம்மா இரண்டு குடம் தண்ணீர் இறைத்துக் கொடுத்து ஆரத்தி எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்ததும் சுருளியாண்டி ஆபீஸைப் பூட்டிவிட்டு, மாமர நிழலில் நடந்து வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவி மணையில் உட்கார்ந்தார். மாயக்காள் சோற்றைப் போட்டாள். பின்வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மொக்கம்மாள் ஓடி வந்து, அப்பாவைக் கண்டதும் நின்றுவிட்டாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “ஆத்தா, இன்னைக்கு ஞாயித்துக்கெழமையா?” என்று மெல்லக் கேட்டாள்.

“இல்லடி. புதன்கெழமை” என்றாள் மாயக்காள்.

சுருளியாண்டி மணையில் சற்று நகர்ந்து இடம் விட்டார். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, முதல் கவளத்தை அவள் வாயில் கொடுத்தார்.