அலமாரிக்குக் கம்பி கட்டாத ஊர்

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஜீவனஹள்ளியிலிருந்து கிளம்பினோம். நான் பெங்களூருக்கு வந்து அது பதினோராவது நாள், விடுமுறையின் கடைசி நாள். மாலை ஐந்து மணி ரயிலுக்குள் ஊரையே சுற்றிக் காட்டிவிடுவதாக எஸ்தர் சபதம் போட்டிருந்தாள். பத்து நாளும் தையல் கடைக்கு ஓடியவள், அன்றைக்குத்தான் லீவு போட்டாள். என்னோடு படிக்கும்போதும் அப்படித்தான். பரீட்சைக்கு முதல் நாள்தான் புத்தகத்தைத் திறப்பாள்.

நான் கோலார் தங்கவயலில் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் ஃபிட்டர். எஸ்தரும் எங்கள் லைனில், சுரங்கத்து ஆட்களின் வீட்டு வரிசையில், அடுத்த வீட்டில் குடியிருந்தவள்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் கணவர் தாஸ் சுரங்கத்தில் பாறை வெடித்து இறந்துபோனார். அந்த மாதமே அவள் பெங்களூரில் இருக்கும் அண்ணனை நம்பி வந்துவிட்டாள். அண்ணன் ஒரு பட்டறையில் மேஸ்திரி. அங்கே காலியாக இருந்த ஃபிட்டர் வேலையை என் வீட்டுக்காரருக்காக அடுத்த திங்கட்கிழமை வரை பிடித்து வைத்திருந்தார். வருவதா வேண்டாமா என்று ரயிலேறுவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். "நீ போயி பாத்துட்டு சொல்லு, நீ சொன்னா சரி" என்று அந்த மனுஷர் பாரத்தை என் தலையில் கட்டி அனுப்பியிருந்தார்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வர மனமில்லை. பள்ளிக்கூடத்தை விட வேண்டும், வீட்டை விட வேண்டும். தவிர, இந்த ஊர் நான் வந்த முதல் நாளே என்னைத் திடுக்கிட வைத்துவிட்டது. எங்கள் ஊரில் பூமிக்குள் பாறை வெடித்தால் மேலே வீடு குலுங்கும். 'ஏர் பிளாஸ்ட்' என்போம். தட்டில் இருக்கும் பாத்திரமெல்லாம் உருண்டு விழும் என்பதால் வீட்டுக்கு வீடு அலமாரித் தட்டுகளின் முன்னால் குறுக்கே கம்பி கட்டியிருக்கும். எஸ்தர் வீட்டிலோ, தலைக்கு மேலே இருந்த தட்டில் ஆறு கண்ணாடி டம்ளர்கள், விளிம்பை ஒட்டி, வெறுமனே! தட்டின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வோர் ஆணி மட்டும் அடித்திருந்தது.

"இன்னாடி இப்புடி வெச்சிருக்க? உழுந்துடாது?" என்றேன்.

"இது பெங்களூருடி. இங்க தரை ஆடாது. ஆறு வருசமா நிம்மதியா தூங்குறேன் பாரு" என்றாள் எஸ்தர். பத்து நாளில் இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

எட்டரைக்கு சிவாஜி நகரில் பஸ் பிடித்தோம். பழைய ஆட்கள் அந்த இடத்தை இன்னும் பிளாக்பள்ளி என்றே சொல்கிறார்கள். ஆளுக்குப் பத்து நயா பைசா டிக்கெட். ஒன்பது மணிக்கு விதான சௌதா என்கிற சட்டசபைக் கட்டடத்தின் முன்னால் இறங்கினேன், இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். இத்தனை கல்லா! எங்களுக்குக் கல் என்றால் காலுக்குக் கீழே இருப்பது, ஆண்கள் கூண்டில் இறங்கிப் போய்க் குடைவது. அதை இப்படி வானத்துக்கு அடுக்கி வைத்து, அடியில் ஆபீசர்கள் பேனா பிடித்து உட்கார்ந்திருக்கிறார்களாம். உள்ளே இருப்பவர்களுக்குப் பயமாக இருக்காதா என்று கேட்டேன். எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டு என்னைக் கப்பன் பார்க்குக்குள் இழுத்துப் போனாள்.

பதினொன்றரைக்கு லால்பாக். அங்கே கண்ணாடி மாளிகையைப் பார்த்ததும் அன்றைய இரண்டாவது அதிர்ச்சி. கூரை கண்ணாடி, சுவர் கண்ணாடி. கீழே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் சிரித்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டேன். "டீச்சரம்மாவுக்குப் பயமா?" என்று அவள் உள்ளே போய் நட்ட நடுவில் கையை விரித்து நின்று காட்டினாள். அவள் தைரியத்தைப் பார்க்க எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பன்னிரண்டரை மணிக்குப் பாறைமேல் ஏறினோம். லால்பாக்குக்குள் ஒரு குன்று அளவுக்கு மொட்டைப் பாறை கிடக்கிறது, உச்சியில் ஒரு சிறு கோபுரம். முந்தின நாள் மழை பெய்து வானம் மூடியிருந்ததால் பாறை சுடவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு எலுமிச்சம் சாதத்தைப் பிரித்தோம்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டிருப்போம். தும்மென்று ஒரு அதிர்வு. காதில் விழுவதற்கு முன்னாலேயே உள்ளங்காலில் தெரிந்தது. கையிலிருந்த சாதம் சிதற எழுந்துவிட்டேன். எங்கள் சுரங்கத்தில் வெடித்தது அறுபது மைல் தாண்டி இங்கே வரைக்கும் குலுக்கியிருக்கிறதென்றால் அங்கே என்ன மிச்சமிருக்கும்? அவர் முதல் ஷிப்ட். இந்நேரம் கீழேதான் இருப்பார். எஸ்தரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினேன். பக்கத்தில் அவளைக் காணோம்.

கீழே பார்த்தேன். பாறைச் சரிவில் வெறுங்காலோடு, முந்தானை தரையில் புரள, அவள் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரில் ஏர் பிளாஸ்ட் வந்தால் பெண்கள் ஓடுவது அப்படித்தான். கதவைப் பூட்டமாட்டோம், அடுப்பை அணைக்கமாட்டோம், ஆண்கள் இறங்கி ஏறுகிற ஷாப்ட் கேட்டுக்கு நேராக ஓடுவோம். கூப்பிட்டுக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது தோட்டத்து வாசலில் அவள் காவலாளியின் கையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"எந்த ஷாப்ட்டுண்ணா? ஆளுங்கள ஏத்திட்டாங்களா? எங்க ஊட்டுக்காரரு மொத ஷிப்ட்டு, தாஸுன்னு பேரு, ஏத்திட்டாங்களாண்ணா?"

ஆறு வருஷமாகக் கல்லறையில் இருக்கிற மனுஷரை அவள் லால்பாக் வாசலில் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

காவலாளி மிரண்டுபோய், "பண்டே ஒடீதாரம்மா, பண்டே" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "அந்தப் பக்கம் புது பேட்டை போட்றாங்கோ. பாறைக்கு வெடி வெச்சாங்கோ, அவ்ளோதான். பயப்படாதீங்கோ."

எஸ்தர் கையை விட்டாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"எப்பவும் இப்புடித்தான்டி" என்றாள் தண்ணீரைக் குடித்துவிட்டு. "கடையில யாராவது பலகைய கீழ போட்டாகூட நான் தெருவுல நிப்பேன்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ வருவியா? அங்க இருந்தா இன்னா, இங்க இருந்தா இன்னான்னு போயிடுவ."

மூன்று மணிக்கு ஜீவனஹள்ளி திரும்பினோம். நான் பெட்டியைக் கட்டினேன். அவள் டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்து, அலமாரித் தட்டின் இரண்டு ஆணிகளிலும் இழுத்துக் கட்டினாள். டம்ளர்கள் கம்பிக்குப் பின்னால் போயின. "நீ வரன்னுதான் கழட்டி வெச்சேன்" என்றாள், என்னைத் திரும்பிப் பாராமலே. அன்று முழுவதும் பார்த்த எதுவும் எனக்கு அந்த அளவுக்குத் தூக்கிவாரிப் போடவில்லை.

நாலே முக்காலுக்குக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இருந்தோம். வேலையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. தோற்றுப்போனவளாக என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கோ அந்த வாசல் கண்ணைவிட்டுப் போகவில்லை. நான் ஓடினால், "வந்துட்டாரும்மா" என்று கேட்டில் யாராவது சொல்வதற்கு என் வீட்டுக்காரர் இன்னும் உயிரோடு இருக்கிறார். அவள் ஓடியது யாருக்காக? நாளைக்கு நானும் இல்லாத ஒருவருக்காக அப்படி ஓட வேண்டாம்.

வண்டி நகரும்போது ஜன்னல் வழியாகச் சொன்னேன். "உங்க அண்ணங்கிட்ட சொல்லுடி. திங்கக்கிழமைக்குள்ள அவரு வந்துடுவாரு."

பையைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு அவள் அழுதாள். வண்டியோடு கூடவே ஓடிவந்து ஜன்னலில் திணித்தாள்.

பங்காருப்பேட்டையில் வண்டி மாறி ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவர் சாமான்களை இறக்கி, அலமாரிக் கம்பியை அவிழ்த்து மூலையில் வீசப் போனார். "அங்கதான் தரை ஆடாதே, இது இன்னாத்துக்கு?" என்று சிரித்தார்.

"சுருட்டிப் பெட்டியில வைங்க, அதுவும் வரட்டும்" என்றேன்.