தேருக்காகப் பெயர்த்த வேகத்தடை

தொண்ணூறுகளில் மயிலாப்பூர் மாட வீதியைக் கடக்க என் அக்காவுக்கு ஆறு வருஷம் நான்தான் துணை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எங்கள் வீட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு தையல் கடையில் வேலை. திருப்பத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே பறந்து வரும். அது ஊருக்கே கேட்கும், அவளுக்கு மட்டும் கேட்காது. தினமும் காலையில் அவள் கையைப் பிடித்து எதிர்ப்புறம் சேர்த்துவிட்டு தி.நகர் ஆபீசுக்கு ஓடுவேன். மாலையில் கடைக்கார அம்மா கொண்டுவந்து விடுவார். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராகச் சிவப்பு மை விழாத வாரமே கிடையாது. அவளுக்கும் இது பிடிக்கவில்லை. முப்பத்தொரு வயதுப் பெண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இழுத்துக்கொண்டு போனால் யாருக்குத்தான் பிடிக்கும்?

வார்டு அலுவலகத்துக்கு ஒரு வருஷம் நடையாய் நடந்து, மனு மேல் மனு கொடுத்து ஒரு வேகத்தடை வாங்கினேன். தை மாதத்தில் தாரைக் கொட்டி மேடு போட்டார்கள். மறுநாளே அக்கா என் கையை உதறிவிட்டுத் தனியாகக் கடந்தாள். பஸ் மேட்டில் ஏறி இறங்கி ஊர்ந்து போனது. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அந்த நிம்மதி பங்குனி வரைதான். தேருக்கு இரண்டு நாள் முன்பு ஆபீசிலிருந்து திரும்பினால், நாலு பேர் கடப்பாரையால் மேட்டைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரியிடம் பாய்ந்தேன்.

"தேரு போவணும்ல சார்? மேட்டுல சக்கரம் மாட்டிக்கினா இன்னா பண்றது?"

"திரும்ப எப்போ போடுவீங்க?"

"அது எங்க கையில இல்ல சார். ஆபீஸ்ல எழுதிக் குடுங்க."

மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். மனு எழுதிய ஒரு வருஷமும் தேர் அந்த வழியாகத்தான் வரும் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. தேரன்று அக்கா சந்தோஷமாக வடம் பிடித்தாள். நான் சுவாமியைப் பார்க்காமல் சக்கரத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் பழையபடி அவள் கையைப் பிடித்தேன். சைகையிலேயே திட்டினாள். நானும் பதிலுக்குத் திட்டினேன். வார்டு அலுவலகத்துக்குப் புதிய மனுவோடு கிளம்பியபோது அவளும் கூடவே வந்தாள். என் மனுவில் போக்குவரத்து, பொதுநலம் என்று இரண்டு பக்கம் இருந்தது. இன்ஜினியர் புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். அக்கா தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"எனக்குக் காது கேட்காது. மேடு இருந்தபோது தனியாக வேலைக்குப் போனேன். இப்போது தம்பி கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது."

அவர் அதை இரண்டு முறை படித்தார். "நீங்கதான் தம்பியா?" என்று கேட்டார். தலையாட்டினேன். ஆறு வருஷமும் கஷ்டம் என்னுடையது என்றே நினைத்திருந்தேன்.

"திருவிழா, விடையாற்றி எல்லாம் முடியட்டும். முதல் வேலை இதுதான்" என்றார்.

சொன்னபடியே அதே நாலு பேர் வந்து மேடு போட்டார்கள். மறுநாள் காலை நான் வாசலோடு நின்றுகொண்டேன். பஸ் வந்தது, மேட்டுக்கு முன்னால் வேகம் குறைந்தது. அக்கா கடந்தாள். திரும்பிப் பார்த்தால் கையசைக்கலாம் என்று காத்திருந்தேன். அவள் திரும்பவே இல்லை. நேராகக் கடைக்குள் போய்விட்டாள். அப்பாடா என்றிருந்தது.