சட்டையைப் போடுடா!

எங்கள் ஆபீஸில் அவருக்கு ஸ்டாப்வாட்ச் அக்கா என்றுதான் பெயர். டிவியில் கால்பந்து ஓடும்போது, ஆட்டக்காரர் சட்டையில் அச்சடித்த விளம்பரம் எத்தனை செகண்ட் தெளிவாகத் தெரிகிறது என்று அளந்து, விளம்பரம் கொடுத்த கம்பெனிக்குச் சொல்வது எங்கள் பிழைப்பு. எழுத்து தெரிந்தால் பொத்தானை அழுத்த வேண்டும், மறைந்தால் விட வேண்டும். என்ன வேலையோ, போங்கள்! பதினாறு வருஷமாக அக்கா பந்தைப் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட அவர் கட்டைவிரல் பொத்தானை அழுத்துவதுபோல் ஆடிக்கொண்டே இருக்கும். எதிரே வருகிறவர் முகத்தை விட்டுவிட்டுப் பனியன் எழுத்தைப் படிப்பார்.

அன்று அவருடைய சொந்தத் தம்பிக்கு முதல் பெரிய ஆட்டம். கடைசி நிமிஷத்தில் அவன் கோல் போட்டான். நாங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தோம். அவன் சந்தோஷம் தாங்காமல் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு ஓடினான்.

"சட்டையைப் போடுடா, பாவி!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார் அக்கா.

உடனே அம்மா போன் செய்தார். "தம்பி கோல் போட்டானே, பாத்தியாடி?"

"ரெண்டே செகண்டும்மா."

"நான் கோலைக் கேட்டா நீ செகண்டைச் சொல்றியே!" என்றார் அம்மா. அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. போனை வைத்துவிட்டுக் காட்சியைப் பின்னால் ஓட்டினார்.

"இப்ப பந்தை மட்டும்தான் பாக்கப்போறேன். யாரும் பேசாதீங்க."

தம்பி ஓடிவந்து உதைத்தான், பந்து வலைக்குள் போனது. அக்காவின் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது. சட்டை கழன்ற நொடியில் அது தானாகப் பொத்தானை விட்டது.