பிசிறு எடுப்பவர்

பிப்ரவரி 3 – 212
பிப்ரவரி 10 – 208
பிப்ரவரி 17 – 71
பிப்ரவரி 24 – 0
மார்ச் 3 – 0
மார்ச் 10 – 231

வளையத்தை லேத்திலிருந்து கழற்றியதும் அவர் அளவு பார்க்கமாட்டார். முதலில் சுண்டுவிரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். பிசிறு தட்டினால் மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு. அப்புறம்தான் அளவு. வரைபடத்தில் இந்த வேலை கிடையாது. பட்டறையில் மற்ற மூன்று லேத்காரர்களும் இதைச் செய்வதில்லை. "எடுக்கிறவன் கையை வெட்டக்கூடாதுல்ல" என்பார்.

மேலே உள்ளவை அவர் கடைந்த உருப்படிகள். திங்கட்கிழமைதோறும் முந்தின வாரக் கணக்காக என் பதிவேட்டில் ஏற்றியவை. நாற்பத்தொரு வருடமாக அந்தப் பதிவேடு என் பொறுப்பு.

பட்டறையில் அவர் பெயர் 'அரை நூல்'. அரை நூல் பிசகினாலும் ஒதுக்கிவிடுவார். தன் லேத்தைச் 'சம்பந்தி' என்று அழைப்பார்: "எவ்வளவு எண்ணெய் விட்டாலும் முனகல் தீராது." வீட்டில் கரண்டிக் காம்பு முதல் குடத்து விளிம்பு வரை அவர் அரம் படாத பொருள் இல்லை.

முன்பு தண்ணீர்ப் பம்புக்கு உதிரிபாகம் செய்த பட்டறை இது. போர் வந்தபின் எறிகணையின் வாலில் திருகும் பித்தளை வளையம் செய்கிறது. எறிகணை வெடித்தாலும் வால் பெரும்பாலும் முழுசாகக் கிடக்கும். இந்த வேலையில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. "வீடு புகுந்து அடிக்கிறவனை உக்காரவெச்சு விசிறியா விட முடியும்?"

ஒரே மகளை ஆற்றுக்கு அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அந்த ஊர் இப்போது எதிரியின் ஊர். அவள் கடிதங்கள் நிவாரணக் குழு வழியாக வேறொரு நாட்டைச் சுற்றி நாற்பது நாளில் வரும். பித்தளையைப் பார்க்கும் கண்ணுக்கு எழுத்து பிடிபடவில்லை என்று என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார்.

பிப்ரவரி 12 அன்று வந்ததைப் படித்தேன். அடுத்த வீடு விழுந்துவிட்டதாம். உள்ளே இருந்த தாயும் இரண்டு பிள்ளைகளும் பிழைக்கவில்லையாம். 'சுவரில் செருகிக் கிடந்த வளையத்தை உங்கள் பேரன் எடுத்துவந்து விரலில் மாட்டிச் சுழற்றுகிறான். பயப்படாதீர்கள் அப்பா, கையை வெட்டாது. உள்ளே பிசிறு இல்லை.'

கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். சம்பந்தியை நிறுத்திவிட்டுப் போனவர் பதினெட்டு நாள் வரவில்லை.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மேஸ்திரி அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மேஸ்திரி கோபக்காரர் அல்ல, போன மாதம் நம் ஆஸ்பத்திரிமேல் எதிரியின் எறிகணை விழுந்ததைச் சொல்லி, "கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"நிக்கச் சொல்லலப்பா. தடுக்கிற கைக்கு எதுவரைக்கும் நீளம்னு யாராச்சும் அளந்து சொல்லுங்க. அந்த அளவுக்குக் கடைஞ்சு தர்றேன்."

மேஸ்திரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் எழுந்தேன்.

அவர் இடத்தில் பம்பு காலத்து ஆள் ஒருவரை அவசரமாக நிறுத்தினார்கள். பிப்ரவரி 28 அன்று, திருகு மரை சரியில்லாத ஒரு வளையத்தால் எறிகணை ஏவும் குழாய்க்குள்ளேயே வெடித்தது. நம் பையன்கள் இரண்டு பேர் செத்தார்கள். மார்ச் 3, காலை எட்டு மணிக்கு அரை நூல் தன் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"தப்பாக் கடைஞ்சா இங்க வெடிக்குது. சரியாக் கடைஞ்சா அங்க போய் விழுது. நடு ஆத்துல விழுற மாதிரி கடைய எனக்குத் தெரியலையே, ஐயா."

அந்த வாரம் 231. எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் உண்டு. பிசிறு எடுப்பதை விட்டுவிட்டார். அரத்தை மேஸ்திரியிடமே கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"இனிமே அவ கையில கிடைச்சா, அப்பன் செஞ்சதுன்னு தெரியக்கூடாது."

அடுத்த கடிதம் வந்தபோது உறையில் அதே நிவாரணக் குழு முத்திரை. முகவரி எழுதிய கை மகளுடையது அல்ல. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை. என் முன்னால் விரிந்திருந்த பதிவேட்டின்மேல் வைத்து உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"படிக்க வேணாம் ஐயா. வந்த தேதிய மட்டும் எழுதிக்குங்க."

கையை எடுப்பார் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. விரல்களை ஒட்டி மிச்சமிருந்த இடத்தில் எழுதினேன்: ஏப்ரல் 9.