என் கல்யாணத்துக்கு நான் எழுதிய வாழ்த்து மடல்

எழுபதுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு ரிசப்ஷன் என்ற புது வியாதி வந்து சேர்ந்தது. காலையில் தாலி கட்டிச் சாப்பாடும் போட்டு முடிந்த பிறகு, சாயங்காலம் அதே மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, அதே பெண்ணுக்கு வேறு சேலை கட்டி, இரண்டு பேரையும் சிவப்பு வெல்வெட் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். வாசலில் பன்னீர் தெளிக்க ஒருவர் நிற்பார். அவர் எங்கே குறி வைத்தாலும் அது கண்ணுக்குள்தான் போகும். கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையாக உள்ளே வருகிறவர்களைப் பார்த்தால், வந்தது கல்யாண வீடுதானா என்று சந்தேகமாக இருக்கும்.

இதையெல்லாம் ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாதது வாழ்த்து மடல். மாப்பிள்ளையின் நண்பர்களோ, பெண்ணோடு வேலை பார்ப்பவர்களோ ரோஸ் தாளில் ஒரு கவிதை அச்சடித்து, அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவருவார்கள். ஒருவர் மைக்கில் வாசிப்பார். அவர் வாசித்து, கடைசியில் 'இவண்' என்று இருபது பேர் பெயரையும் சொல்லி முடிக்கும்வரை யாரும் பந்திக்கு எழுந்து போக முடியாது. உள்ளே சாம்பார் மணம் வரும். வெளியே 'மதியே, மலரே' என்று போய்க்கொண்டிருக்கும். கையில் கொடுத்த பிரதியை விசிறிக்கொண்டு ஜனங்கள் மனதுக்குள் திட்டுவார்கள். பிறகு அதே தாளில் லட்டை மடித்து எடுத்துப் போவார்கள். ஆனால் ஒரு கல்யாணத்தில் மடல் வாசிக்கவில்லை என்றால் அதையும் விடமாட்டார்கள். "என்ன மொட்டைக் கல்யாணம் பண்ணியிருக்காக" என்பாள் என் அம்மா.

இந்தப் பாவத்தில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. நான் போடியில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மடல் எழுத என்னிடம்தான் வருவார்கள். எழுதுவது நான், கையெழுத்துப் போடுவது அவர்கள். என் பெயர் எங்கேயும் இருக்காது. பந்தி தாமதமாவதற்கு யார் காரணம் என்று தெரியாமல் இருப்பதே நல்லது என்று நானும் பேசாமல் இருந்தேன். ஐந்தாறு அச்சு வைத்திருந்தேன். அரிசி வியாபாரி என்றால் 'நெல்மணியே', டாக்டர் என்றால் 'நோய் தீர்க்கும் திருக்கரமே'. பெயரும் தொழிலும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும்.

அப்புறம் எனக்கே கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் கம்பம். தேனியில் கரண்டு ஆபீசில் குமாஸ்தா. பெண் பார்க்க வந்த அன்று நான் தலையைக் குனிந்தபடி அவருடைய பாதங்களை மட்டும் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னை அழைத்து, பள்ளிக்கூடம் சார்பில் எனக்கு ஒரு வாழ்த்து மடல் வாசிக்கப் போவதாகச் சொன்னார். நான் கூச்சத்தோடு நன்றி சொன்னேன்.

"நன்றியெல்லாம் அப்புறம். வேற யாரு இருக்கா எழுத? நீதான் எழுதணும். ஆனா எழுதுனது நீன்னு உனக்குத் தெரியக் கூடாது."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன். மாப்பிள்ளையைப் பற்றி எட்டு வரி சுலபமாக வந்தது. பாதத்தைத் தவிர எதுவும் தெரியாததால் தாராளமாகப் புகழ முடிந்தது. என்னைப் பற்றி நான்கு வரிக்கு மேல் போகவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் படித்துப் பார்த்துவிட்டு, பெண்ணுக்கு நான்கு வரி, பையனுக்கு எட்டு வரி என்றால் பள்ளிக்கூடத்து மானம் என்னாவது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். சயின்ஸ் டீச்சர் 'அன்ன நடை' கட்டாயம் வேண்டும் என்றார். நான் 'கொடியிடை' என்று எழுதப்போனபோது தையல் டீச்சர் என் கையைப் பிடித்துவிட்டார். "அது மட்டும் வேணாம். ஒனக்கு ஜாக்கெட்டுக்கு அளவெடுத்தது நானு." இடையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'கல்வி தந்த கலைவிளக்கே' என்று போட்டோம்.

எழுதியதைத் தேனியில் வழக்கமான அச்சாபீசுக்கு அனுப்பினார்கள். என்னுடைய மடல்கள் எல்லாம் அங்கேதான் அச்சாகும்.

கல்யாணத்தன்று காலையில் இரண்டு வீட்டுக்கும் மனக்கசப்பு வந்துவிட்டது. கம்பத்துக்காரர்கள் உட்கார்ந்த பந்திக்கு ரசம் வரவில்லை என்று அவர்களுக்குக் கோபம். சந்தனக் கிண்ணத்தை எங்கள் தாய்மாமனுக்கு நீட்டாமல் தாண்டிப் போய்விட்டார்கள் என்று எங்களுக்குக் கோபம். மாமாவுக்கு ஊர் தேவதானப்பட்டி. மாந்தோப்பு வைத்திருந்தார். காணி நிலம்கூட இல்லாத மாசச் சம்பளக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று ஏற்கெனவே குறைபட்டுக்கொண்டிருந்தவர். சாயங்காலம் ரிசப்ஷனில் ஒரு வீட்டார் இடது பக்கம், ஒரு வீட்டார் வலது பக்கம் என்று நடுவில் பாதை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் மேடை ஏறி மடலை வாசித்தார். நான் எழுதிய புகழ்ச்சியை நான் முதல்தடவையாகக் கேட்பது போலத் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். 'அன்ன நடையின் அரசியே' என்ற இடத்தில் காது சுட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது. என் கணவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"நல்லா எழுதியிருக்காக. யாரு எழுதுனது?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அடுத்து மாப்பிள்ளையின் ஆபீஸ் நண்பர்கள் ஒரு சட்டத்தோடு ஏறினார்கள். நல்ல கட்டைக் குரல் உள்ள ஒருவர் மைக்கைப் பிடித்து ஆரம்பித்தார். முதல் அடியிலேயே எனக்குப் பகீர் என்றது. அதுவும் நான் எழுதியது. போன வருஷம் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி மகன் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்தது. நண்பர்கள் அதே அச்சாபீசுக்குப் போய், நல்லதாக ஒரு வாழ்த்துப் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அச்சாபீஸ்காரர், அந்த மடலுக்குக் கோத்து, கலைக்காமல் கட்டி வைத்திருந்த ஈய எழுத்தை எடுத்து, பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்திருக்கிறார். மற்றதை அவரும் படிக்கவில்லை, அவர்களும் படிக்கவில்லை.

வரப்போகிற வரி எது என்று அந்த மண்டபத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். வந்தது.

ஏலம் மணக்கும் மலைக்கெல்லாம்
ஏக வேந்தன் எங்கள் அண்ணல்!

வாசித்தவருக்கே குரல் ஒரு நொடி தடுமாறியது. ஆனால் அச்சில் இருக்கிறதே என்று தைரியமாக இரண்டாம் தடவையும் வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மணப்பெண் மேடையில் சிரித்தால் குடும்பத்துக்கே ஆகாது. உதட்டைக் கடித்தேன், மூச்சை அடக்கினேன். கழுத்திலிருந்த மாலை குலுங்கியது. அம்மா பூவைச் சரிசெய்கிற சாக்கில் மேடை ஏறி, என் தோளில் கிள்ளி, பல்லை மூடச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

என்ன சிரிப்பு என்று கணவர் கேட்டார். வேறு வழியில்லாமல், இதை எழுதியது நான்தான் என்று சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப மொதல்ல படிச்சது?"

"அதுவும் நாந்தான்."

"அன்ன நடைன்னு?"

"அது சயின்ஸ் டீச்சர் சேக்கச் சொன்னது."

அவர் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். கோட்டுக்குள் தோள் குலுங்கியது. கொஞ்சம் தெளிந்ததும், "அப்ப எனக்கு ஏலத் தோட்டம் கெடையாதா?" என்று கேட்டார். அந்த இடத்தில் என் அடக்கமும் போய்விட்டது. போட்டோக்காரர் சரியாக அப்போது விளக்கைப் போட்டார். எங்கள் ஆல்பத்தில் இரண்டு பேரும் வாயைத் திறந்து சிரிக்கிற படம் ஒன்று உண்டு. மாமியார் அதை வெகுநாள் யாருக்கும் காட்டவில்லை.

கீழே வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு மலையில் ஏலத் தோட்டம் இருக்கிறது. அடக்கமான குடும்பம், அதனால்தான் சொல்லவில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டார். நடுப்பாதையைத் தாண்டிப் போய் என் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டார். மாமனார் வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். இது ஏலக்காய்க்குப் பேர்போன போடிக்காரர்கள் வீட்டுச் சம்பந்தம். பெண்ணுக்குச் சீராக ஏலத் தோட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள், அதைத்தான் நண்பர்கள் மடலில் நாசூக்காகச் சொல்கிறார்கள் என்று அவர் நினைத்தார். இரண்டு பேரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. மலையில் இந்த வருஷம் மழை எப்படி என்று மாமா விசாரிக்க, உங்களுக்குத் தெரியாததா என்று மாமனார் சொல்ல, இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள்.

பந்தியில் இரண்டு வீட்டாரும் கலந்து உட்கார்ந்தார்கள். மாமா தாமே ரச வாளியைத் தூக்கிக்கொண்டு கம்பத்துக்காரர்களுக்குப் பரிமாறினார். போதும் என்று சொன்னவர்களுக்கும் ஊற்றினார். மாமனார், சம்பந்திக்கு இன்னொரு கரண்டி பாயசம் என்று சமையல்காரரை விரட்டினார். மேடையில் இருந்தபடியே கதவு வழியாக இதைப் பார்த்த எனக்குப் பயம் வந்தது. உடனே போய்ச் சொல்லிவிடலாமா என்று கணவரிடம் கேட்டேன்.

"இப்ப வேணாம். காலைல இருந்து இப்பத்தான் ரெண்டு வீடும் சேந்து சாப்புடுறாக. முடிக்கட்டும்" என்றார்.

பாதத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னது தப்பாகப் போகவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் எங்கள் வீட்டு விருந்தில், மாமாவையும் மாமனாரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அவரே விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேரும் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். மாமனார் என்னைப் பார்த்தார், பிறகு இலையைப் பார்த்தார். கடைசியில், மருமகள் தமிழ் நன்றாக எழுதுகிறாள் என்று மட்டும் சொன்னார். மாமாவால் அவ்வளவு சீக்கிரம் மனதைத் தேற்றிக்கொள்ள முடியவில்லை.

"ஒரு செடிகூடவா இல்ல மாப்ள?"

"வீட்டுக்குப் பின்னாடி ஒரு துளசிச் செடி இருக்கு மாமா."

மாமாவுக்கு இதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவரோடு கல்யாணத்துக்கு வந்திருந்த தேவதானப்பட்டி உறவுக்காரர்கள் ரிசப்ஷன் முடிந்ததுமே பஸ் ஏறியிருந்தார்கள். தோட்டம் எத்தனை ஏக்கர் என்பதுவரை வழியிலேயே பேசி முடித்து, ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டார்கள். அதை மறுத்துப் பேச மாமாவுக்கு மனம் வரவில்லை.

தலை தீபாவளி முடிந்து நாங்கள் மாமா வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். எஸ்டேட் மாப்பிள்ளையைப் பார்க்க ஒரு கூட்டம் வந்து நின்றது. அதில் ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, மலையில் காய் பறிக்க ஆள் வேண்டுமென்றால் தம் வீட்டு ஆட்கள் நாலு பேரை அனுப்புவதாகச் சொன்னார். கணவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருசம் காய்ப்பு சரியில்லண்ணே" என்றார் என் கணவர்.

அன்றைக்குச் சாப்பாட்டில், கேட்காமலேயே, மாமா தம் கையால் அவருக்கு நாலு தடவை கறி வைத்தார்.